பரமேஸ் அக்கா குரூப்பில் சொல்லாதது

பரமேஸ் அக்கா இன்று காலை போய்விட்டார். கிள்ளானில், வீட்டில்தான்... அவர் மகள் போன் செய்து அழுதாள்.

பதினோரு வருஷம் ஷிப்பிங் ஆபீஸில் எனக்குப் பக்கத்து மேசை. நான் மாசமாக இருந்து வாந்தியெடுத்த நாட்களில் என் ஃபைல்களையும் இழுத்துப் போட்டுக்கொண்டு, "நீ பேன்ட்ரியில போய் படு லா, பாஸ் கேட்டா நான் பாத்துக்கிறேன்" என்பார்.

என் அண்ணனுக்குக் குடல் புற்றுநோய் என்றதும் முதலில் ஓடி வந்ததும் அவர்தான். கையில் ஒரு பெட்டி புரோபயாடிக் சாஷே, குடலுக்கு நல்லது செய்யும் கிருமிப் பொடி. சைடு பிசினஸாக விற்றுக்கொண்டிருந்தார்.

"நல்ல கிருமி உள்ள போனா கெட்டது தானா ஓடிரும் மா. கீமோ போட்டா ரெண்டும் சேந்து செத்துரும். கொஞ்ச நாள் தள்ளிப் போடச் சொல்லு."

அண்ணனிடம் நான்தான் சொன்னேன். அக்கா சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பினேன்... மடச்சி.

நாலு மாதம் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது கல்லீரலுக்குப் பரவியிருந்தது. சாஷே பற்றிச் சொன்னதும் டாக்டர் திட்டவில்லை. "கீமோவால வர்ற வயித்துப்போக்குக்கு இது உதவுமான்னு ஆராய்ச்சி பண்றாங்க. ஆனா கட்டிக்கு இது மருந்து இல்லம்மா. கீமோ நேரத்துல எதிர்ப்புச் சக்தி குறைஞ்சா இந்தக் கிருமியே சிலருக்கு ஆபத்து" என்றார்.

அண்ணன் அடுத்த தீபாவளியைப் பார்க்கவில்லை. அக்கா வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். அவரும் நம்பித்தானே சொன்னார் என்று அப்போதும் எனக்குக் கோபம் வரவில்லை.

போன வருஷம் மாமியாரை ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப் போனேன். கீமோ வார்டு கண்ணாடிக்குப் பின்னால் பரமேஸ் அக்கா. தலையில் ஸ்கார்ஃப், கையில் டிரிப்.

உள்ளே போய், சாஷே என்ன ஆச்சு என்று கேட்டேன்.

"நர்ஸ் வேணாம்னாங்க. மொத நாளே நிறுத்திட்டேன்."

"அப்ப எங்கண்ணனுக்கு மட்டும் ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க?"

"எனக்குன்னு வந்ததும் பயமா போச்சு மா... குரூப்புல சொல்லிராத லா."

குரூப் என்றால் அவர் சாஷே விற்கும் வாட்ஸப் குரூப். நானும் அதில் இருக்கிறேன். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

அதே வாரம் அதில் அக்காவின் படம். விக் வைத்து, சிரித்தபடி, கையில் சாஷே. 'கீமோ இல்லாமலே நலம்' என்று எழுதியிருந்தார். பொய் என்று பதில் எழுதத் தொடங்கினேன். ஆனாலும் நோயாளி, பாவம் என்று வாயை மூடிக்கொண்டேன்.

இன்று குரூப் முழுக்க அஞ்சலி. 'கீமோவைத் தொடாமல் வாழ்ந்து காட்டிய இரும்புப் பெண்மணி'யாம். அதற்குக் கீழே ஜெஞ்சாரோம் ஊர்ப் பெண் ஒருத்தி: "நானும் அக்கா வழிதான். திங்கட்கிழமை கீமோவுக்குப் போகல."

அதற்குக் கீழேயே குரூப்பில் எழுதினேன்: தங்கச்சி, கீமோவுக்குப் போம்மா. அக்கா கீமோ எடுத்தார். கையில் ஊசியோடு அவரை நான் கண்ணால் பார்த்தேன். போ.

அக்கா, சொல்லாதே என்றீர்கள்... சொல்லிவிட்டேன்.

நாளை உங்கள் வீட்டுக்கு வருவேன். உங்கள் முகத்தைப் பார்த்து அழுவேனா, சண்டை போடுவேனா, தெரியவில்லை.

போய் வாங்க அக்கா.