துரையின் ஸ்டேக்கும் நாலு ஞாயிற்றுக்கிழமைகளும்

அடுத்தவன் பல்லுக்குப் பயந்து பிழைக்கிற பிழைப்பு ஒன்று உலகத்தில் உண்டென்றால் அது சமையல்காரன் பிழைப்புதான். பங்களா அடுப்படிகளில் வேகிற சகோதரர்களே, உங்களுக்குத் தெரியாததா? உள்ளே மேஜையில் ஒருத்தர் மெல்லுகிறார். வெளியே கதவோரம் நாம் அந்தச் சத்தத்தை எண்ணிக்கொண்டு நிற்கிறோம்.

என் பயத்துக்குக் காரணம் உண்டு. ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவில் ஒரு தோல் பதனிடும் ஷாப்பில் மூன்று வருஷம் சுண்ணாம்புத் தொட்டி வேலை பார்த்தவன் நான். மயிர் கழலுவதற்காகத் தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, தினமும் இழுத்துப் போட்டு, மறுபடி அமுக்க வேண்டும். விரல் இடுக்கெல்லாம் வெடித்துப் போய், சோற்றில் கை வைத்தால் குழம்புக் காரம் உயிரைப் பிடுங்கும். என் சம்சாரம் லூர்து எனக்குச் சின்னப் பிள்ளைக்கு ஊட்டுகிற மாதிரி ஊட்டிவிடுவாள். அதிலிருந்து தப்பி, வேலூரில் ஒரு பாதிரியார் பங்களாவில் எடுபிடியாகச் சேர்ந்து, சூப்பும் கட்லெட்டும் கற்றுக்கொண்டேன். கையும் ஆறியது. பிறகு வேறொரு ஷாப்பின் மானேஜர் துரை வீட்டில் ஒரு மாசச் சோதனைக்குச் சமையல்காரனாக வந்தேன். தொட்டியில் இருந்த கதையை மூச்சு விடவில்லை. தோல் நாற்றம் பிடித்தவனை எந்தத் துரைசானி அடுப்படியில் விடுவாள்?

ஒரு மாசம் என்றால் நாலு ஞாயிறு. மற்ற நாளில் துரை எதை வைத்தாலும் பேப்பர் படித்துக்கொண்டே தின்றுவிடுவார். ஞாயிறு மத்தியானம் மாட்டுக்கறி ஸ்டேக். அதை மட்டும் பேப்பரை மடித்து வைத்துவிட்டுத் தின்பார். அவன் போட்ட ஸ்டேக் துரைக்குப் பிடிக்காமல்தான் எனக்கு முன்னால் இருந்த சமையல்காரன் வேலை போயிற்று. நான் போனால் எனக்குத் தொட்டியை விட்டால் வேறு கதி இல்லை.

ஏழு தண்ணீர்

எங்கள் வீடுகளில் கறி என்றால் மஞ்சளும் உப்பும் போட்டு, தண்ணீர் தெளிகிற வரைக்கும் கழுவ வேண்டும். கவிச்சி வாடை வந்தால் ஊர் சிரிக்கும். துரை வீட்டுக் கறியாயிற்றே என்று நான் ஏழு தண்ணீர் கழுவினேன். அப்படியே ஈரத்தோடு வாணலியில் போட்டேன். 'சொய்ங்' என்று சத்தம் வரும் என்று பார்த்தால் கறி தண்ணீர் விட்டுக்கொண்டு கொதிக்கிறது! வறுக்கப் போனது அவிந்து, பழைய கந்தல் நிறத்தில் வந்து நின்றது. ஓரத்தில் மட்டும் மஞ்சள்.

பட்லர் சவரிமுத்து அண்ணன் அதை எடுத்துக்கொண்டு போனார். கதவோரம் நின்ற எனக்கு உள்ளே கத்தி சத்தமே கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பீங்கான் அப்படியே திரும்பி வந்தது. அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தொரை கறி கேட்டாரு. நீ அத்தக் குளிப்பாட்டி, மஞ்சப் பூசி, பொண்ணு பாக்க வந்தவங்களுக்குக் காட்டுறா மாதிரி அனுப்பிக்கீறே!"

உப்பு போட்ட கதை

"இனிமே கழுவாதே, துணியால தொடச்சு உப்பு போட்டு வை" என்று சவரிமுத்து அண்ணன் சொல்லிக்கொடுத்தார். எவ்வளவு நேரம் வைக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. கேட்டால், இதுகூடத் தெரியாதவனா என்று நினைப்பாரே என்று நானும் கேட்கவில்லை. கேட்காத வாய்க்கு வந்த கேடுதான் பிறகு நடந்தது.

உப்பு போடுவது எனக்கா தெரியாது? ஷாப்பில் பச்சைத் தோல் வந்து இறங்கினதும் சதைப்பக்கம் மேலே பார்க்க விரித்து, கல்லுப்பை அள்ளி உள்ளங்கையால் அரக்கித் தேய்த்து, மடித்து அடுக்கிவிடுவோம். மாசக்கணக்கில் கெடாது. என் கைக்குத் தெரிந்த உப்பு அது ஒன்றுதான். சனிக்கிழமை காலையிலேயே கறியை அதே மாதிரி தேய்த்து, மடித்து, மேலே அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தேன். ஞாயிறு மத்தியானம் எடுத்தபோது கறி விறைத்துக் கிடந்தது. நெருப்பில் போட்டதும் இன்னும் விறைத்தது.

துரை என்னையே உள்ளே கூப்பிட்டார். போய் நின்றேன். ஸ்டேக்கைக் கையில் எடுத்து வளைத்துப் பார்த்தார், நகத்தால் கீறிப் பார்த்தார், வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். தோல் வாங்குகிறவர் பார்க்கிற பார்வை எனக்குத் தெரியாதா? இவனுக்குத் தொட்டி வாசம் உண்டென்று கண்டுபிடித்துவிட்டார் என்றே நினைத்தேன்.

"குக்! ரொம்ப நல்ல உப்பு. ஓட்டை இல்லே, வெட்டு இல்லே. குடோனுக்கு அனுப்பு, முதல் கிரேடு."

பாய் சொன்ன நியாயம்

அதற்கப்புறம்தான் சவரிமுத்து அண்ணன் பெரிய குண்டாகத் தூக்கிப் போட்டார். ஸ்டேக் மேலே கருகலாக இருக்க வேண்டுமாம். உள்ளே சிவப்பாக இருக்க வேண்டுமாம். சிவப்பு என்றால் ரத்தம் அல்லவா? அரைவேக்காட்டுக் கறியை நாய்க்குப் போடுவோம், மனுஷனுக்குப் போடுவோமா? துரை தின்றுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தால் போலீஸ் யாரைத் தேடும்? வேகவைத்தால் வேலை போகும், வேகவைக்காவிட்டால் ஜெயில். இரண்டு பக்கமும் இடி வாங்கும் மத்தளம் ஆனேன்.

கறிக்கடை காதர் பாயிடம் போய் அழாத குறையாகச் சொன்னேன். அவர் சாவகாசமாகக் கத்தி தீட்டிக்கொண்டே கேட்டார். பிறகு 'அண்டர்கட்' என்று அவர்கள் சொல்லும் மெத்தென்ற பாகத்தை எடுத்து, நாருக்குக் குறுக்கே மூன்று விரல் கனத்துக்கு ஒரு துண்டு போட்டார். வெட்டின இடத்தை என் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"இன்னாத்துக்கு பேஜார் பண்ணிக்கிறே? ரத்தம் அறுக்கும்போதே பூரா போய்ட்டுது தம்பி. இது கறியோட சாறு, இதையும் கொன்னுட்டா அப்புறம் தொரை இன்னாத்த துன்றது?"

மூன்று வெட்டு

மூன்றாம் ஞாயிறு. கழுவவில்லை. இந்தத் தடவை அண்ணனைக் கேட்டு, சமைக்க ஒரு மணி நேரம் முன்னால்தான் உப்பு. ஒன்றிரண்டாகத் தட்டின மிளகு. கொழுப்பை உருக்கி, புகை கிளம்பின பிறகு இரும்பு வாணலியில் போட்டேன். அப்பா, அந்தச் சத்தம்! தெருவில் போகிறவன் நின்று கேட்பான். அடுப்படியில் கடிகாரம் கிடையாது. மாதாவுக்குச் சொல்கிற பிரியதத்த மந்திரத்தைப் பக்கத்துக்குப் பத்து தடவை சொல்லித் திருப்பினேன். நேரக்கணக்குக்கும் ஆயிற்று, வேண்டுதலுக்கும் ஆயிற்று.

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. பாழாய்ப்போன என் மனசுதான் அடங்கவில்லை. உள்ளே எப்படி இருக்கிறதோ என்று கத்தியால் லேசாகக் கீறிப் பார்த்தேன். சிவப்பு! பயந்துபோய் மறுபடி நெருப்பில் வைத்தேன். மறுபடி கீறினேன். இன்னும் சிவப்பு. மூன்றாவது தடவை கீறியபோது சிவப்பும் இல்லை, சாறும் இல்லை. எல்லாம் வாணலியில் ஓடிக் கருகிப்போயிருந்தது. வேறு வழியில்லாமல் அதைத்தான் அனுப்பினேன். துரை மடித்து வைத்த பேப்பரை மறுபடி விரித்துக்கொண்டார். துரைசானிதான் முட்கரண்டியால் அந்த வெட்டுகளை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தாள்.

"குக், இதை எங்களுக்கு முன்னாலே யார் சாப்பிட்டது?"

வீட்டில் ஒத்திகை

மிச்சம் ஒரே ஞாயிறு. காதர் பாய் மனசு இரங்கி, அந்த வாரம் முழுக்கக் கழித்துப் போட்ட துண்டு துணுக்குகளைக் கொடுத்தார். மத்தியானம் துரை தூங்குகிற நேரத்தில் நான் என் குடிசைக்கு ஓடி, லூர்துவின் அடுப்பில் ஸ்டேக் போட்டுப் பழகினேன். கீறக்கூடாது, கீறாமல் எப்படித் தெரிந்துகொள்வது? இதுதான் என்னைக் கொன்றது. மூன்றாம் நாள் கையில் கத்தி இல்லாத நேரத்தில், என்னையும் அறியாமல் கட்டைவிரலால் கறியை அழுத்திப் பார்த்தேன். தொட்டியில் தோல் ஊறிவிட்டதா என்று அப்படித்தான் பார்ப்போம். அழுத்தின பள்ளம் சட்டென்று எழும்புகிறதா, மெதுவாக எழும்புகிறதா, அப்படியே நிற்கிறதா என்பதை வைத்து இன்னும் எவ்வளவு நேரம் என்று சொல்லிவிடலாம். கறியும் விரலுக்கு அதே மாதிரி பதில் சொன்னது! பச்சையாக இருந்தால் தொளதொளவென்று அமுங்குகிறது, வெந்துபோனால் கல்லாட்டம் எதிர்க்கிறது. நடுவில் ஒரு பதம். சந்தோஷத்தில் லூர்துவைத் தூக்கிச் சுற்றினேன்.

அவளுக்கோ சந்தோஷம் இல்லை. ஒரு வாரமாக வீட்டில் சோற்றுக்கு இதுதான் துணை. சிவப்பு தெரிகிற துண்டை விரல் நுனியால் தள்ளிவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னாள்.

"மொளகா இல்ல, மசாலா இல்ல, சரியா வேகவும் இல்ல. இத்தத் துன்னுட்டுதானா வெள்ளக்காரங்க நம்ம ஊரப் புடிச்சாங்க?"

நாலாம் ஞாயிறு

அன்றைக்கு மதராஸிலிருந்து துரைக்கு மேலான துரை விருந்துக்கு வந்துவிட்டார். அதிலும் நல்ல மனநிலையில் வரவில்லை. "போன மாசத் தோலு பூரா தொட்டியில ஜாஸ்தி ஊறிக் கெட்டுப்போச்சாம், உள்ள ஒரே சண்டை, பாத்து செய்யி" என்று சவரிமுத்து அண்ணன் காதில் ஓதிவிட்டுப் போனார். உப்பை எடுக்கப் போன கை மிளகை எடுத்தது. மந்திரம் எத்தனை சொன்னேன் என்று மறந்து முதலிலிருந்து தொடங்கினேன். கட்டைவிரல் மட்டும் தப்பு செய்யவில்லை. அழுத்தினேன், போதும் என்றது, இறக்கினேன். சாறு அடங்கட்டும் என்று மூடி வைத்துவிட்டு அனுப்பினேன்.

உள்ளே சண்டைச் சத்தம் நின்றது. கத்தி சத்தம் கேட்டது, நிற்காமல் கேட்டது. பீங்கான்கள் வழித்துத் துடைத்தாற்போல் திரும்பி வந்தன. என்னைக் கூப்பிட்டார்கள். விருந்தாளித் துரை கையைத் தட்டினார். எங்கள் துரை முகமெல்லாம் சிரிப்பாக, "கீறாமலே எப்படிப் பதம் பார்த்தே?" என்று கேட்டார். சந்தோஷம் வந்தால் மனுஷனுக்கு வாயில் பூட்டு நிற்காது, சகோதரர்களே! கட்டைவிரலைத் தூக்கிக் காட்டி, மூன்று வருஷம் சுண்ணாம்புத் தொட்டியில் இருந்தேன், தோல் பதம் பார்த்த விரல் இது என்று மடமடவென்று உளறிக் கொட்டிவிட்டேன். இரண்டு துரையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். விருந்தாளித் துரை இங்கிலீஷில் என்னவோ சொன்னார். எங்கள் துரை எழுந்து வந்து என் தோளில் கை போட்டார்.

"இந்த விரலை அடுப்படியிலா வெச்சிருந்தே? நாளையிலேர்ந்து என் சுண்ணாம்புத் தொட்டி யார்டுக்கு நீதான் மேஸ்திரி!"

தீர்ப்பு

காலில் விழுந்தேன். மேஸ்திரி என்று பேர்தான் பெரிது. தொட்டுப் பார்க்காமல் தோல் தெரியுமா, தொட்டால் சுண்ணாம்பு சும்மா விடுமா? எனக்குச் சமையலே போதும், இந்த அடுப்படியிலேயே கிடந்து சாகிறேன் என்று வெட்கத்தை விட்டு அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறான் என்று துரை என் முதுகைத் தட்டிக்கொடுத்தார். அந்த நேரத்தில் துரைசானி, "அப்போ ஸ்டேக்?" என்று கேட்டாள் பாருங்கள், மாதாவே இறங்கி வந்து பேசினாற்போல் இருந்தது எனக்கு. துரை மோவாயைத் தடவிக்கொண்டு யோசித்தார்.

"அது சரி. ஆறு நாள் யார்டு, ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்து ஸ்டேக்."

உலகத்தைப் படைத்த கர்த்தரே ஏழாம் நாள் ஓய்ந்திருந்தாராம். என் கட்டைவிரலுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லாமல் போய்விட்டது.