பூட்டிய வாசலில் நடந்த கிளினிக்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. "எல்லாம் விதி" என்று அன்று பலர் ஆறுதல் சொன்னார்கள். அன்பினால் சொன்னார்கள். ஆனால் தங்கையாகிய நான் அதை ஏற்கவில்லை. அக்காவும் தம் வாழ்நாளில் அந்தச் சொல்லை ஏற்றதில்லை.

லிந்துலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் லய வீட்டில் பிறந்தவர் அக்கா. அம்மா நோயில் படுத்ததும் பள்ளிக்கூடத்தை விட்டுக் கொழுந்துக் கூடையைத் தூக்கினார். தம்பி தங்கைகளைப் படிக்க வைத்தார். அதே தோட்டத்தில் அத்தானை மணந்தார். முழங்கால் தேய்ந்து மலையேற முடியாமல் போன பிறகுதான் வேலையை விட்டார். அத்தானும் அதே ஆண்டில் நின்றார். இருவர் பெயரும் தோட்டப் பதிவிலிருந்து எடுக்கப்பட்டன.

ஒரு காலையில் அத்தானுக்கு நெஞ்சை அடைத்தது. தோட்டத்து டிஸ்பென்சரிக்குத் தாங்கிக்கொண்டு ஓடினோம்.

"பதிவுல பேர் இல்லாதவங்கள இங்க பாக்கிறதில்லங்க. டவுனுக்குக் கொண்டு போங்க" என்றார் அங்கே மருந்து கொடுப்பவர்.

வாகனம் தேடிப் பிடித்து நுவரெலியாவுக்குப் போகும் வழியில், நானுஓயாவைத் தாண்டும் முன்பே அத்தான் போய்விட்டார்.

சாவு வீட்டில் அக்கா அதிகம் அழவில்லை. வந்தவர்களிடமெல்லாம் ஒன்றையே கேட்டார். "வேலை செய்யிற வரைக்குந்தான் எங்க ஒடம்புக்கு மதிப்பா?"

காரியம் முடிந்ததும், தமக்கு பிரஷர் மருந்து தரும் சிங்கள டொக்டர் அம்மாவிடம் போனார். தமக்குத் தெரிந்த சிங்களத்தில், மாதம் ஒரு ஞாயிறு எங்கள் தோட்டத்துக்கு வர முடியுமா என்று கேட்டார். அவர் வருகிறேன் என்றார். தலவாக்கலையில் மருந்துக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா, மருந்து தம் பொறுப்பு என்றார். தாய்மார் வேலைக்குப் போகையில் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பரா, குழந்தைகள் இல்லாமல் வெறுமனே கிடந்தது; அதைத் திறந்து தருவதாகத் தோட்டத்து மேற்பார்வையாளரான கண்டாக்கு வாக்குக் கொடுத்தார்.

அந்த ஞாயிறன்று நல்ல மழை. கதவில் பூட்டு தொங்கியது.

"துரை சாவி குடுக்க வேணாம்னுட்டாருங்க" என்றார் கண்டாக்கு, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு.

"அவர்கிட்டயே இருக்கட்டும். நாங்க வாசல்ல உக்காந்துக்கிறோம்" என்றார் அக்கா.

கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டும் படங்குகளைப் பெண்கள் கொண்டுவந்து கூரையாகக் கட்டினார்கள். அதன் கீழே டொக்டர் அம்மா பார்க்கத் தொடங்கினார். சற்று நேரத்தில் தோட்ட மேலாளரான துரையின் ஜீப் வந்தது.

"யாரைக் கேட்டு இத நடத்துறீங்க?"

"யாரையும் கேக்கலங்க. நோவு யாரையும் கேட்டுட்டு வரலயே" என்றார் அக்கா.

"இது தோட்டத்து நிலம்."

"இந்த நிலத்துல ஏறி எறங்கித்தானுங்க எங்க முட்டி தேஞ்சிச்சு. போகச் சொன்னா போக மாட்டோம். தூக்கிக்கிட்டுத்தான் போகணும்."

வரிசையிலிருந்து ஒருவரும் எழவில்லை. டொக்டர் அம்மா அடுத்தவரின் கையில் பிரஷர் பட்டியைச் சுற்றினார். ஜீப் திரும்பிப் போனது. மழைக்காலம் முழுதும் கிளினிக் வாசலிலேயே நடந்தது. பிறகு ஒருநாள் கதவு திறந்திருந்தது. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. அக்காவும் நன்றி சொல்லப் போகவில்லை.

நோட்டன் பிரிட்ஜிலிருந்துகூட, பெயர் வெட்டப்பட்ட முதியவர்கள் பஸ் ஏறி வந்தார்கள். புண்ணியம் செய்கிறீர்கள் என்று யாராவது சொன்னால் அக்காவுக்குக் கோபம் வரும். "தர்மம் இல்லங்க, எங்களுக்குச் சேர வேண்டியது" என்பார்.

தம் சிறுநீரகம் பழுதானதை அக்கா அறிந்ததும் அங்கேதான். சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, நெடுங்காலம் கவனிக்கப்படாமல் கிடந்திருக்கிறது. கடைசி நாட்களில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "தோட்டத்துல எல்லாருக்கும் ஒழுங்கான ஆஸ்பத்திரி வந்துட்டா, கிளினிக்க நாமளே மூடிருவோம். அதுக்கு முன்ன யாரு சொன்னாலும் மூடக் கூடாது, பாப்பா."

மூடவில்லை. அக்காவை அடக்கம் செய்த அதே வாரத்தில் வந்த கிளினிக் ஞாயிறையும் நடத்தினோம். தீட்டு என்றவர்களும் வந்து வரிசையில் உட்கார்ந்தார்கள்.

டொக்டர் அம்மாவுக்கும், நானாவுக்கும், படங்கு பிடித்த பெண்களுக்கும், அக்காவைத் தோளில் சுமந்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. ஆண்டுத் திதியும் கிளினிக் ஞாயிறன்றே வருகிறது. படத்துக்குப் பூப் போட்டு, சாப்பிட்டுவிட்டு, அப்படியே போய்விடாதீர்கள். பிரஷர் பார்த்துக்கொண்டு போங்கள்.