நீதிபதி வேண்டாமென்ற நான்கு பக்கங்கள்

வெர்னன் ஸ்டானெக் என்ற பெயரைச் சொன்னால் உங்களுக்குத் தெரியாது. முகத்தைக் காட்டினால் "அட, இவரா" என்பீர்கள். எங்கள் லாஸ் ஏஞ்சலஸில் அப்படிப்பட்டவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். மளிகைக் கடை வரிசையில் யாராவது அவரை உற்றுப் பார்த்துவிட்டு, "நீங்க எங்க சர்ச்சுக்கு வர்றவர்தானே?" என்று கேட்பார்கள். இன்னும் சிலர் தங்களுடைய பழைய பல் டாக்டர் என்று நினைத்துக்கொண்டு நலம் விசாரிப்பார்கள். அவரும் மறுக்காமல், "ராத்திரியும் பல்லு தேய்க்கிறீங்களா?" என்று கேட்டு அனுப்பிவைப்பார்.

என் பெயர் நோரீன். டிவி சீரியல்களில் மேக்கப் போடுகிறவள். பதினொரு வருடம் வெர்னனின் முகத்துக்குச் சாயம் பூசியது என் கைதான். எனக்கு வாய் நீளம் என்று இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். அப்படிப்பட்ட நானே ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மூச்சு விடாமல் வைத்திருந்தேன். போன வசந்த காலத்தில் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். என்ன நோய் என்பதை அவர் மகளே பத்திரிகைக்காரர்களிடம் சொல்லிவிட்டாள். இனி நானும் சொல்லலாம்.

நெப்ராஸ்காவில் ஒரு சர்க்கரை ஆலை ஊரில் பிறந்தவர் அவர். அப்பா அந்த ஆலையில் கொதிகலன் பார்த்தவர். இவருக்குப் பள்ளி நாடகத்தில் ஒரு தடவை கைதட்டல் கிடைத்துவிட்டது, அதோடு பையன் கெட்டான் என்று அவர் அம்மா சொல்வாராம். இருபது வயது தாண்டியதும் ஓட்டைக் கார் ஒன்றில் கலிஃபோர்னியாவுக்கு வந்து, சோபாக்களை மாடி மாடியாகத் தூக்கிப் பிழைத்தார். டிவியில் அவர் பேசிய முதல் வசனம் "உங்க கார் தயாரா இருக்கு, சார்." அதற்குப் பிறகு முப்பத்தைந்து வருடம் போலீஸ்காரர், பாதிரியார், பேங்க் மேனேஜர், கதை தொடங்கும் முன்பே செத்துக் கிடப்பவர் என்று கிடைத்த வேஷத்தையெல்லாம் போட்டார். "நான் செத்த அளவுக்கு இந்த ஊர்ல ஒருத்தனும் செத்ததில்ல" என்று பெருமையாகச் சொல்வார். மனைவி ஹெஸ்டர் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வீட்டில் அடுப்பெரிந்தது அவள் சம்பளத்தில்தான்.

அறுபது வயதில்தான் அவருக்கு சுக்கிர திசை அடித்தது. கோர்ட்டு சீரியல் ஒன்றில் நீதிபதி வேஷம். ஒரு நாள் வேலை என்று கூப்பிட்டவர்கள் அவரைத் திருப்பி அனுப்பவே இல்லை. கறுப்பு அங்கியைப் போட்டுக்கொண்டு அவர் நாற்காலியில் உட்கார்ந்தால் பொய் சாட்சி சொல்ல வந்த நடிகனுக்கே நிஜமாக வேர்க்கும். செட்டில் எல்லோருக்கும் அவர் ஜட்ஜய்யா. ஹெஸ்டர் அதில் இரண்டு வருடம் மட்டும் பார்த்தாள். அப்புறம் அவள் கண்ணை மூடிவிட்டாள்.

மேக்கப் கேரவனில் வசனம் ஒப்பிக்காத நடிகர் கிடையாது. நான் பவுடர் போட்டுக்கொண்டே எதிராளியின் வரிகளைச் சொல்வேன், அவர்கள் பதில் சொல்வார்கள். ஒன்பதாவது வருடம் வெர்னன் சறுக்க ஆரம்பித்தார். ஒரு நாள் இரண்டே வரி. ஐந்தாறு தடவை சொல்லிக்கொடுத்தும் வரவில்லை.

"ஏன் ஜட்ஜய்யா, நேத்து ராத்திரி ஏதாவது பாட்டிலோட வழக்கு விசாரணையா?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "நிக்க மாட்டேங்குது, நோரீன். படிக்கும்போது இருக்கு. தலையைத் தூக்கினா போயிடுது. டாக்டரைப் பாத்துட்டேன். அவர் ஒரு பேர் சொன்னாரு. அந்தப் பேரை மட்டும் எவ்வளவு முயற்சி பண்ணியும் மறக்க முடியல."

பவுடர் பஞ்சைக் கீழே வைத்தேன். "சொல்லிடுங்க. நம்ம ஆளுங்கதானே, பாத்துப்பாங்க" என்றேன்.

"பாத்துப்பாங்க. அதுதான் வேண்டாம். எங்கப்பா கடைசியில வீட்டுக்கு வழி தெரியாம தெருத்தெருவா நின்னாரு. ஊர்க்காரங்க நல்லவங்க, கையைப் புடிச்சுக் கூட்டிட்டு வந்து விடுவாங்க. விட்டுட்டுப் போகும்போது சிரிப்பாங்க. நாப்பது வருஷம் கொதிகலன் பாத்த மனுஷன். இன்னைக்கும் அந்த ஊர்ல அவர் பேரைச் சொன்னா, 'வழி மறந்த ஸ்டானெக்கா'ன்னுதான் கேக்கறாங்க. நான் இங்கேயிருந்து நடிகனாத்தான் போகணும்."

அன்றிலிருந்து நான் வாயை மூடிக்கொண்டேன். நல்லவேளை, நீதிபதிக்கு முன்னால் மேசை உண்டு, மேசை மேல் வழக்குக் காகிதங்கள் உண்டு. அவற்றுக்கு நடுவில் அவருடைய வரிகளைப் பெரிய எழுத்தில் ஒட்டிவைப்பேன். குனிந்து பார்த்துப் படித்தால் மரியாதை கூடுகிற வேஷம் உலகத்திலேயே அது ஒன்றுதான். இரண்டு வருடம் இப்படியே வண்டி ஓடியது. ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

பிறகு சேனல்காரர்களுக்கு வயது குறைந்த நீதிபதி வேண்டும் என்று தோன்றிவிட்டது. ஜட்ஜய்யா ஓய்வு பெறுவதாகக் கதை. அவருக்கு வருத்தம்தான், ஆனாலும் கௌரவமாக வெளியே போக ஒரு வழி கிடைத்தது என்று நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷத்தில் மண் விழுந்தது கோரா லிண்டின் அன்பினால்.

கோராதான் எங்கள் சீரியலின் தலைமை எழுத்தாளர். வெர்னன் மேல் உயிரையே வைத்திருந்தவள். ஒரு நாள் காலை கேரவனுக்குள் ஓடி வந்து அவர் மடியில் நான்கு பக்கங்களை வைத்தாள். "இத்தனை வருஷமா உங்களுக்கு ரெண்டு வரிக்கு மேல குடுத்ததில்ல. அந்தக் கடனை இப்போ தீத்துட்டேன். கோர்ட்டு நடுவுல இறங்கி வந்து நின்னு பேசறீங்க. மேசை கிடையாது, ஒண்ணும் கிடையாது. நீங்களும் கேமராவும்தான்" என்றாள்.

எங்கள் தொழிலில் இதற்காகத் தவம் கிடப்பார்கள். ஒரு வரி கூடுதலாகக் கிடைக்க அடித்துக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். வெர்னன் அவள் கையைப் பிடித்து நன்றி சொன்னார். அவள் போனதும் காகிதங்களை முகத்தில் வைத்து மூடிக்கொண்டார்.

முயற்சி செய்யாமல் இல்லை. தினமும் மற்றவர்களுக்கு முன்பே வந்து என் நாற்காலியில் உட்கார்ந்து படித்தோம். முதல் பத்தி வரும், இரண்டாவதைத் தொட்டால் முதல் பத்தி போய்விடும். "காதுக்குள்ள கருவி வெச்சு யாராவது படிச்சுச் சொல்லட்டும். பெரிய பெரிய ஸ்டாருங்களே பண்றாங்க" என்றேன். "ஸ்டார் பண்ணினா வசதி. நான் பண்ணினா வியாதி" என்றார்.

ஷூட்டிங்குக்கு முந்தின நாள் கோராவைக் கேரவனுக்குக் கூப்பிட்டு அனுப்பினார்.

"இந்த வசனத்தை எடுத்துடு, கோரா."

அவள் சிரித்தாள். "எந்த வரி?"

"எல்லாம். அந்த ஜட்ஜ் இவ்வளவு பேசமாட்டான்."

"பதினோரு வருஷமா அந்த ஜட்ஜை எழுதறவ நான்."

"பதினோரு வருஷமா அவனா உக்காந்திருக்கறவன் நான். அங்கியைக் கழட்டி வெச்சுட்டுப் போயிடுவான். அவ்வளவுதான்."

"பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லுங்க. கண்ணு முழிச்சு எழுதினேன் வெர்னன், உங்களுக்காகன்னு எழுதினேன்." அவள் குரல் உடைந்துவிட்டது.

ஒரு வார்த்தையில் அவளைத் தேற்றியிருக்கலாம். உண்மையைச் சொன்னால் அவளே அவரைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பாள். அவர் சொல்லவில்லை. "ரொம்ப இனிப்பா இருக்கும்மா" என்றார், அவ்வளவுதான். கோரா காகிதங்களைப் பிடுங்கிக்கொண்டு கதவை அறைந்துவிட்டுப் போனாள். எனக்கு அவர் மேல் கோபம் வந்தது, அவர் கண்ணைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

மத்தியானத்துக்குள் செட் முழுக்கப் பேச்சு. சாப்பாட்டு மேசையில் வக்கீல் வேஷம் போடும் ஒருவன், "கிழவருக்குக் கடைசி நேரத்துல தலைக்கனம்" என்றான். "உனக்கு நாளைக்கு மேக்கப்ல மூக்கு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வேணும்னா பேசாம சாப்பிடு" என்றேன். அதற்கு மேல் என்னால் சொல்ல முடியாமல் போனது. அவ்வளவு கஷ்டமான சாப்பாட்டை நான் என்றைக்கும் சாப்பிட்டதில்லை.

மறுநாள் அந்தக் காட்சியை வசனமில்லாமல்தான் எடுத்தார்கள். கோரா யாரோடும் பேசாமல் கேமராவுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஆளில்லாத கோர்ட்டு. வெர்னன் அங்கியைக் கழற்றினார். மடிக்கப் போனவர் நிறுத்திவிட்டு, காலரில் ஒட்டியிருந்த ஒரு நூலை எடுத்தார். அங்கியை நாற்காலியின் முதுகில் போட்டுத் தோள் பக்கத்தைச் சரிசெய்தார், பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளைக்குச் செய்வதைப் போல. மேசையைப் பார்க்காமல் இறங்கி நடந்தார். நான் அழுதேன். தலைக்கனம் என்று சொன்ன அந்த வக்கீல் வேஷக்காரன் என்னைவிட அதிகமாக அழுதான். கோரா நேராக வந்து அவர் கையைப் பிடித்து, "நீங்க சொன்னதுதான் சரி. என் எழுத்து இதுக்குக் கால் தூசு" என்றாள். அவர் அவள் தலையைத் தடவிக் கொடுத்தார்.

ஒரு நடிகருக்குக் கடைசி ஷாட் முடிந்தால் உதவி இயக்குநர் அவர் பெயரைச் சத்தமாகச் சொல்வார், லைட்காரர்கள் உட்பட அத்தனை பேரும் வேலையை நிறுத்திவிட்டுக் கை தட்டுவார்கள். அன்றும் "வெர்னன் ஸ்டானெக்" என்று சொன்னார். கட்டடமே அதிர்ந்தது. இடிந்துவிடும்போல் தட்டினார்கள்.

வெர்னனும் தட்டினார். புன்னகையோடு, எல்லோரையும் போல, கூட்டத்தைச் சுற்றிப் பார்த்துக்கொண்டே. பிறகு என் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"யாரு நோரீன் போறது? சொல்லு, போய் ரெண்டு நல்ல வார்த்தை சொல்லிட்டு வர்றேன்."

தட்டுவதை நிறுத்தாமல் அவர் காதில் சொன்னேன். "நீங்கதான், ஜட்ஜய்யா."

அவர் கைகள் ஒரு கணம் அப்படியே நின்றன. அப்புறம் இரண்டடி முன்னால் போய், தனக்குத்தானே இன்னும் பலமாகத் தட்டிக்கொண்டு, பழைய மேடை நடிகர்கள்போல இடுப்பு வரை குனிந்து வணங்கினார். எல்லோரும் வெடித்துச் சிரித்தார்கள். "பாத்தியா, கடைசி வரைக்கும் குறும்பு" என்று கோரா கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

கேரவனில் கதவைச் சாத்தியதும் அவர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"யாருக்காவது தெரிஞ்சுதா?"

"ஒருத்தருக்கும் தெரியல."

"கோராவுக்கு?"

"அவளுக்கும் தெரியல. வேணும்னே தட்டினீங்கன்னு நெனச்சா."

"அப்போ நல்லாப் பண்ணியிருக்கேன்" என்றார்.

ஆமாம் என்றேன். பஞ்சை நனைத்து அவர் முகத்துச் சாயத்தைத் துடைக்க ஆரம்பித்தேன்.