வெள்ளைப் பைப்பின் புகை

மாலை ஐந்தே காலுக்கு என் மகள் வாயில் வைத்த டீயைத் துப்பினாள். "இன்னாம்மா டீ போட்டுக்கீற, காச நக்கின மாதிரி கீது" என்றாள். அவள் தம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். எப்போதும் போடும் இஞ்சி டீதான். சித்திரை வெயிலின் சூடு இன்னும் சுவரை விட்டு இறங்கவில்லை. அவளோ கம்பளி கேட்டாள். சற்று நேரத்தில் உடம்பு நடுங்கத் தொடங்கியது. வறட்டு இருமல் வேறு. நெஞ்சைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "மூச்சு பாதிலயே நின்னுடுதும்மா" என்றாள். இதை எழுதும்போதும் அந்தக் குரல் என் காதில் கேட்கிறது.

அன்று காலை முழுவதும் அவள் வீட்டை ஒட்டிய கொட்டகையில் வெல்டிங் செய்துகொண்டிருந்தாள். டிப்ளமோ முடித்து அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் இருந்தவள், அதை விட்டுவிட்டு வெள்ளானூரில் எங்கள் வீட்டிலேயே பட்டறை போட்டாள். மாடித் தோட்டங்களுக்குப் பந்தல் சட்டங்கள் செய்து கொடுக்கிறாள். அவள் அப்பா வளைகுடாவில் வேலை பார்ப்பதால் வீட்டில் நாங்கள் இருவர்தான். கொட்டகைக்கு மூன்று பக்கம் தகரம், ஒரு பக்கம் கம்பிக் கதவு போட்ட திறப்பு. அன்று எதிர்வீட்டுக் குழந்தைகள் கேட்டைப் பிடித்துக்கொண்டு தீப்பொறியை வேடிக்கை பார்க்க நின்றன. வெல்டிங் வெளிச்சம் கண்ணுக்கு ஆகாது என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். தெருவில் போகிறவர்கள்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போவார்கள். அந்தக் குழந்தைகளுக்காக என் மகள் திறந்த பக்கத்தில் ஒரு தார்ப்பாயை இழுத்துக் கட்டினாள். தன் கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடிக் கவசம் போட்டாள். மூக்குக்கு நனைத்த கைக்குட்டை. வெளிச்சம் வெளியே போகவில்லை, புகையும் போகவில்லை. மதியம் வேலை முடிந்து வந்ததும், பட்டறைக்காரர்கள் வழக்கப்படி ஒரு தம்ளர் பாலும் வாழைப்பழமும் சாப்பிட்டாள். நெஞ்சில் படிந்ததை அவை கழுவிக்கொண்டு போய்விடும் என்பது நம்பிக்கை.

எனக்கு முதலில் தோன்றியது டெங்கு. அடுத்துத் தோன்றியது என் நாத்தனாரைப் போனில் கூப்பிட வேண்டும் என்பது. கணவரின் தங்கை, வேப்பம்பட்டில் இருக்கிறாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்புக்குத் துத்தநாகம் பூசும் ஒரு தொழிற்சாலையில், முதலுதவி அறையில் நர்ஸாகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தவள். குரல் உயர்ந்தவள். கல்யாண வீட்டில் அவள் சிரித்தால் பந்தியில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அன்று அவள் சிரிக்கவில்லை. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அவ ஒட்டினது இன்னா பைப்பு அண்ணி? கறுப்பா, வெள்ளையா?"

கொட்டகைக்கு ஓடிப் போய்ப் பார்த்தேன். வெள்ளை. பளபளவென்று, ஒட்டிய இடங்களில் மட்டும் மஞ்சளும் சாம்பலுமாய்ப் பொடி பூத்திருந்தது.

"ஜிஐ பைப்பு. மேல கீறது துத்தநாகம். மூடின எடத்துல அதுங்கிட்ட நின்னு பொகைய இஸ்துகீறா. அந்தப் பொகைக் காய்ச்சல்தான்னு தோணுது, ஆனா மூச்சு அடைக்குதுன்னா ஊட்ல வெச்சிகினு பாக்காத. நிமித்தி ஒக்கார வெய்யி, ஆட்டோ புடி. டாக்டரு காய்ச்சல் எப்போலேர்ந்துன்னு கேக்கறதுக்கு முன்னாடியே நீ சொல்லு, மூடின கொட்டாயில ஜிஐ பைப்பு வெல்டிங் பண்ணான்னு." படுத்த படுக்கையான மாமியாரைத் தனியே விட்டுவிட்டு அவளால் அன்று கிளம்ப முடியவில்லை. ஆனால் ஆவடி மருத்துவமனை போய்ச் சேரும்வரை போனை வைக்கவில்லை. இன்னொரு தம்ளர் பால் கொடுக்கட்டுமா என்று நான் நடுவில் கேட்டபோது மட்டும் கத்தினாள்: "பாலு வயித்துக்குப் போவுது, பொகை நுரையீரலுக்குப் போவுது. ரெண்டும் எந்த ஸ்டேசன்ல அண்ணி சந்திச்சிக்கும்?" என் தோளில் சாய்ந்திருந்த மகள் அந்த நிலையிலும் சிரித்து, சிரிப்பு இருமலாகி, நான் பயந்துபோனேன்.

மருத்துவமனையில் அந்த ஒரு வாக்கியத்தை அப்படியே சொன்னேன். டாக்டர் உடனே விரலில் கருவியை மாட்டினார். ஆக்சிஜன் கொஞ்சம் குறைந்திருந்தது. எக்ஸ்ரே எடுத்தார்கள். ஆக்சிஜன் வைத்து, மறுநாள் காலைவரை கண்காணிப்பில் இருக்கட்டும் என்றார்கள். விடிந்தபோது காய்ச்சல் இறங்கியிருந்தது.

என் நாத்தனார் அந்தக் கேள்வியை எப்படிக் கற்றாள் என்பதை முன்பு கதைபோல் கேட்டிருக்கிறேன், மனதில் வாங்கியதில்லை. அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் திங்கட்கிழமைதோறும் மாலையில் தொழிலாளர்கள் நடுங்கிக்கொண்டு வருவார்களாம். ஞாயிற்றுக்கிழமை போட்ட சரக்கு இறங்கவில்லை என்று மேலே இருந்தவர்கள் கேலி செய்வார்களாம். இவள் ஒவ்வொருவரையும் வாயைத் திறக்கச் சொல்லி மோந்து பார்த்திருக்கிறாள். "பாதி பேரு வாயில வெறும் டீ வாசன அண்ணி. குடிக்காதவனுக்கு எப்டி எறங்காம போவும்?" ஒரு நாள் விடுமுறையில் உடம்புக்குப் புகையைத் தாங்கும் பழக்கம் விட்டுப்போவதும், திங்களன்று மீண்டும் புகை உள்ளே போகும்போது காய்ச்சலாகக் கிளம்புவதும் பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. பழகிப்போனதால் மற்ற நாள்களில் காய்ச்சல் வராததைக் கண்டு யாரும் நிம்மதி அடையக் கூடாது என்பாள். புகையை இழுத்து வெளியேற்றும் விசிறிகள் வரும்வரை மேலாளர் அறை வாசலில் அவள் போய் நின்றிருக்கிறாள். திட்டினால் சிரிப்பாளாம், மறுநாளும் அங்கேயே நிற்பாளாம்.

இப்போது என் மகள் பைப்பை ஒட்டுவதற்கு முன், ஒட்டும் இடத்தில் இருக்கும் வெள்ளைப் பூச்சைக் கிரைண்டரில் தேய்த்து எடுத்துவிடுகிறாள். தேய்க்கும்போதும் ஒட்டும்போதும், இரு பக்கமும் வட்ட வடிகட்டி வைத்த ரப்பர் முகமூடி, முகத்தில் இடைவெளி இல்லாமல் இறுகப் பதிந்திருக்கிறது. வேலை கொட்டகைக்கு வெளியே, திறந்த இடத்தில். பக்கவாட்டில் ஒரு விசிறி புகையை முகத்துக்கு வராமல் தள்ளிக்கொண்டிருக்கும். எதிர்வீட்டில் சொல்லிவிட்டுத்தான் தொடங்குகிறாள். அவர்கள் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். முகமூடியோடு அவளைப் பார்த்தால் என் நாத்தனார், "வந்துட்டா பாரு எங்க ஊட்டு யான" என்பாள். நான் ஜன்னலை விட்டு நகர்வதில்லை. அவள் முகமூடியைக் கழற்றி ஒரு முழு மூச்சு விடுவதைப் பார்த்த பிறகுதான் அடுப்பைப் பற்றவைக்கிறேன்.

அன்று நான் எடுத்த முடிவு நிலைத்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது. மருத்துவமனையிலிருந்து மாற்றுத்துணி எடுக்க வந்த நேரத்தில் நான் கொட்டகையின் கதவை இழுத்துச் சாத்திப் பூட்டிவிட்டிருந்தேன். வெல்டிங் மெஷினை யாருக்காவது கொடுத்துவிடுவது என்று முடிவும் செய்தாயிற்று. மகள் வீடு வந்து சேர்ந்து, அந்தப் பூட்டைப் பார்த்தாள். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் கஞ்சி கொண்டுபோய் வைத்தேன், அவள் தொடவில்லை.

காலை பத்து மணிக்கு, மாமியாரைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்துவிட்டு, ஷேர் ஆட்டோவில் என் நாத்தனார் வந்து இறங்கினாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே உள்ளே போய், மகளின் முதுகில் காதை வைத்து, "இழு… விடு… இன்னொருதபா" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு வெளியே வந்தாள். பூட்டையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். அவளாவது என் பக்கம் பேசுவாள் என்று நின்றேன்.

"தொற அண்ணி" என்றாள். "அவளுக்குக் கை சும்மா இருக்காது. நீ பூட்டினா வேற எவன் பட்டறையிலனா போயி ஒட்டுவா. இங்க ஒட்டினான்னா, அவ இருமறது உன் காதுல உழும். அங்க யார் காதுல உழும்?"