சரி வராத கேள்வி

சாந்தோமில் ஒரு பள்ளியில் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்ற ஆலிஸுக்குத் தெரியாத தலைநகரம் கிடையாது. கணவர் போன பிறகு வீட்டில் குறைந்துபோன பேச்சை வாட்ஸப்பில் ஈடுகட்டினாள். மூன்று நண்பர்களோடு அவள் இருந்த குழுவில் பொது அறிவுக் கேள்விகள் மட்டும்தான். காலை வணக்கம் கூடாது. இணையத்தில் தேடக் கூடாது. கேட்டவர் 'சரி' என்று போட்டால்தான் விடை செல்லும். அடுத்த கேள்வி விடை சொன்னவருடையது.

அடையாறில் தனியாக இருந்த ஜாஸ்பர், நாலு விடை கொடுக்காமல் எதையும் கேட்க மாட்டார். வீட்டுக்குப் போனால்கூட, "டீயா, காபியா, மோரா, இல்ல மேற்கண்ட எதுவும் இல்லையா?" என்பார்.

அன்று மத்தியானம் ஆலிஸ் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது அவருடைய கேள்வி வந்தது.

'நெஞ்சில் பாரம். இடது கை மரத்துப்போகிறது. வியர்வை. இது எதன் அறிகுறி?'

ஈரக் கையோடு, மற்றவர்களை முந்தி, 'மாரடைப்பு' என்று தட்டினாள். தி. நகரில் துணிக்கடை வைத்திருந்த ஷகீலா, 'போச்சு, டீச்சர் முந்திட்டாங்க' என்று போட்டாள். சிந்தாதிரிப்பேட்டை அறிவு குரல் செய்தி அனுப்பினான்: "இன்னா நைனா, எல்கேஜி கேள்வி கேட்டுக்கினு கீற? நாலு சாய்ஸ் எங்க? வாத்தியாரம்மாவுக்கு பயந்துட்டியா?"

ஆலிஸ் சிரித்தாள். மீன் சட்டிக்குப் போயிற்று. 'சரி' வரவில்லை. நாலு சாய்ஸ் எங்க? அந்தக் கிண்டல் இப்போது வேறு மாதிரி காதில் விழுந்தது. அடுப்பை அணைத்தாள்.

ஜாஸ்பர் போனை எடுக்கவில்லை. ஆட்டோ பட்டினப்பாக்கம் தாண்டும்போது, திரையில் அவர் பெயருக்குப் பக்கத்தில் 'டைப் செய்கிறார்' என்று தோன்றியது. அப்பாடா என்றிருந்தது. பிறகு அது மறைந்தது.

ஜாஸ்பர் வீட்டுக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. குழுவில் அதைத் தெரிவித்தாள். கதவுக்குப் பின்னால் 'டிங்' என்றது. அறிவு, 'இன்னாச்சு?' என்று கேட்டான். டிங். 'நான் கிளம்பி வரேன்' என்றாள் ஷகீலா. டிங்.

"உள்ள ஆள் இருக்காரும்மா, சத்தம் கேக்குதே," என்றார் குடியிருப்பின் காவலாளி.

கதவை உடைத்தார்கள். ஜாஸ்பர் பிரம்பு நாற்காலியில் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நெற்றி வியர்வை இன்னும் உலரவில்லை. மடியில் போன். வரவழைத்த ஆம்புலன்ஸ்காரர்கள் நாடி பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்கள்.

விடை தெரிந்திருந்ததுதான் ஆலிஸை அறுத்தது. தெரியாதிருந்தால், 'ஏன் கேக்கறீங்க?' என்று திருப்பிக் கேட்டிருப்பாள்.

கனடாவிலிருந்து வந்து அடக்கத்தை முடித்த ஜாஸ்பரின் மகன், "நீங்களே வச்சுக்கோங்க ஆன்ட்டி" என்று போனைக் கொடுத்தான். பூட்டுப் போடாத போன். குழுவைத் திறந்தாள். எல்லாச் செய்திகளுக்கும் கீழே, எழுதும் கட்டத்தில், அனுப்பாமல் நின்றது: 'சரி'.

பக்கத்தில் பச்சை அம்பு. தொட்டால் அடுத்த கேள்வி அவளுடையது. தொடவில்லை. அந்தப் போனை அணைக்கவும் மனம் வரவில்லை. அலமாரியில் வைத்து சார்ஜ் போட்டுவருகிறாள்.

குழுவில் இப்போது யாரும் கேள்வி கேட்பதில்லை. சாயங்காலங்களில் அறிவு மட்டும், 'வாத்தியாரம்மா, நல்லா கீறியா?' என்று போடுவான். அவள் கையில் டிங் என்னும். ஒரு மூச்சு கழித்து அலமாரியில்.

அந்த இரண்டாவது சத்தம் வந்த பிறகுதான் ஆலிஸ் பதில் எழுதுவாள்.