கறுப்பு வண்டிக்குப் பின்னால்

மகளின் கல்யாணத்துக்கென்றே அந்தக் காரை வாங்கினேன். வெள்ளை நிறக் குட்டிக் கார். சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே கதவைத் திறக்கலாம். பின்னால் எடுத்தால் திரையில் தெரு தெரியும். மாதா கோயிலுக்கு அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து நானே ஓட்டிப்போவேன் என்று எத்தனை இரவு மனசுக்குள் ஓட்டியிருப்பேன்!

கல்யாணத்துக்கு முந்தின வாரம் என் மனைவியின் தம்பி தன் பழைய காரில் வந்து இறங்கினான். என்னைவிட வயதில் மூத்த கார். கறுப்பு. உருண்ட முதுகு, தூக்கிய மூக்கு, வெள்ளிப் பூண். அதன் கதவு தேக்குப் பெட்டகம்போல மூடியது. என்னுடையது டிபன் பாக்ஸ். புது வண்டியின் அடியையே உப்புக் காற்று தின்கிற ஊரில் அது மட்டும் எப்படிப் பளபளக்கிறது? தினமும் நல்ல தண்ணீரில் கழுவுவானாம். எங்கள் தெருவில் குடிக்கவே குடத்தோடு நிற்கிறோம்.

மகள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"யப்பா, நான் மாமா வண்டியிலதான் கோயிலுக்குப் போவேன்."

"ஏளா, அதுல ஏசி கெடையாது. மூஞ்சி பூரா வழியும்."

"வழிஞ்சா வழியட்டும்."

கல்யாணக் காலை. மழை விட்ட புழுக்கம். மச்சினன் கறுப்புக் கதவைத் திறந்து பிடித்தான். "அத்தான், பிள்ளை பக்கத்துல நீங்கதான ஒக்காரணும். ஏறுங்க."

"எனக்கு எதுக்குடே? எங்கிட்டதான் வண்டி இருக்கே."

என் இடத்தில் மனைவி ஏறினாள். ஏறும்போது காதருகே கேட்டாள்: "பொறாம வண்டி மேலயா, எந்தம்பி மேலயா?"

நான் தனியாகப் பின்னால் போனேன். பீச் ரோட்டில் கன்டெய்னர் லாரி ஒன்று கறுப்பு வண்டிக்கு ஒதுங்கி வழிவிட்டது. டிரைவர் கும்பிடக்கூடச் செய்தான். அடுத்த நொடி என்னைப் பார்த்து ஹாரனை அலறவிட்டான். நின்றுபோ, நின்றுபோ என்று அந்தக் கிழட்டு இன்ஜினை வேண்டிக்கொண்டே வந்தேன். என் மகள் உள்ளே இருக்கும் வண்டியை! அது நிற்கவில்லை.

கோயில் வாசலில் கூட்டம் மொய்த்தது. பெண்ணையா, வண்டியையா, எதைப் படம் எடுக்கிறார்கள் என்றே தெரியவில்லை. "அண்ணாச்சி, அந்த வெள்ள வண்டிய ஓரங்கட்டுங்க, படத்துல விழுது!" என்றான் ஒருவன். ஓரங்கட்டினேன்.

அப்போது என் வண்டியின் மறுபக்கக் கதவு திறந்தது. கவுனை அள்ளிப் பிடித்தபடி மகள்.

"யப்பா, பவுடர்லாம் கரையுது. ரெண்டு நிமிஷம் ஏசி போடுங்க."

முழுக் குளிரில் வைத்தேன். வெள்ளைத் துணி வண்டியை நிறைத்து கியர் மேல் வழிந்தது. பக்கத்தில் அவள். நான் கேட்டது இவ்வளவுதான். திரும்பிப் பார்த்தேன். அவள் முன்கண்ணாடி வழியே கறுப்பு வண்டியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன அழகா நிக்குது, பாருங்களேன்!"

வெளியே புழுக்கம், உள்ளே குளிர். கண்ணாடியின் வெளிப்புறம் ஆவி படர்ந்தது. முதலில் அந்த மூக்கு மங்கியது, பிறகு முதுகு, பிறகு மச்சினன்.

"யப்பா, வைப்பரப் போடுங்க. ஒண்ணும் தெரியல."

கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது அதன் விசை.

"அது வேல செய்யலம்மா," என்றேன்.