மாற்றிக்கொண்ட வியாழக்கிழமை

முதலில் கண்டது செருப்பு வாரின் தடம். மாலையில் பாதத்தில் விழுந்த பள்ளம் மறுநாள் காலைவரை மறையவில்லை. திருத்தணி மலைப்படியில் மூச்சு வாங்கியதை வயதின் மேல் போட்டேன். ரத்தப் பரிசோதனைக்குப் பிறகுதான், சிறுநீரகங்கள் ஏறக்குறைய நின்றுவிட்டன என்று தெரிந்தது. அது தொண்ணூறுகளின் கடைசி. தலைமையாசிரியர் வேலையிலிருந்து அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தேன்.

ரயிலில் போய்வரும் தூரத்தில் ஒரு மருத்துவமனை. வாரத்துக்கு இரண்டு முறை டயாலிசிஸ் (ரத்தத்தை இயந்திரத்தில் ஓடவிட்டுக் கழிவையும் மிகுந்த நீரையும் எடுக்கும் சிகிச்சை). எனக்குத் திங்களும் வியாழனும்.

கையில் ஃபிஸ்டுலா (ஊசி குத்துவதற்காக ரத்தக் குழாய்களை இணைக்கும் சிறு அறுவை) செய்துகொண்ட வாரத்தில் பக்கத்துப் படுக்கையில் முனுசாமி இருந்தார். பொதட்டூர்பேட்டையில் லுங்கி நெய்கிறவர். ஃபிஸ்டுலா உள்ள கையைக் காதில் வைத்தால் ரத்தம் ஓடும் இரைச்சல் கேட்கும். அதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "வூட்ல பவர்லூம் ஓடறது பத்தாதுன்னு கையிலயும் ஒண்ணு வெச்சிட்டாங்க சார். இதுக்குக் கரண்டு கட்டே கெடையாது."

அவருடைய முறை செவ்வாயும் வெள்ளியும்.

இதைப் படிக்கும் நீங்களும் இயந்திரத்தோடு கட்டப்பட்டவராக இருந்தால், எங்கள் மருத்துவர் சொன்ன ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு முறைக்கும் அடுத்த முறைக்கும் நடுவே உடம்பில் நீர் சேர்கிறது. அந்தப் பாரத்தை இதயம்தான் இறைக்க வேண்டும். பொட்டாசியமும் (ரத்தத்திலுள்ள ஓர் உப்புச்சத்து) கூடவே ஏறும். அளவு மீறினால் இதயத்தின் துடிப்பே தாறுமாறாகும். ஆகவே இடைவெளி நீள நீள ஆபத்து. இதை அவர் சொன்னபோது தலையசைத்தேன். விளங்கிக்கொண்டேன் என்று சொல்ல முடியாது.

மறு வருடம் ஆடிக் கிருத்திகை வியாழக்கிழமையில் வந்தது. எங்கள் குடும்பத்தின் மலர்க்காவடியை அப்பாவுக்குப் பிறகு நான்தான் எடுத்துவந்தேன். நோயாளியாகிவிட்டேன் என்று ஊர் பார்க்கக் கூடாது என்ற வீம்பும் இருந்தது. முனுசாமியிடம், நீங்கள் வியாழன் போங்கள், நான் உங்கள் வெள்ளிக்குப் போகிறேன் என்றேன்.

அவருக்கும் அன்று மலைக்குப் போக ஆசைதான். சற்றுத் தயங்கி, "டாக்டரம்மா ஒண்ணும் சொல்லமாட்டாங்களா சார்?" என்றார்.

"கேட்டுட்டேன். சரின்னுட்டாங்க" என்றேன்.

நான் கேட்கவில்லை. இயந்திரம் பார்த்துக்கொண்ட டெக்னீஷியனிடமும் அதே பொய்யைச் சொன்னேன். முனுசாமி ஒரு நாள் முன்னதாகப் போகிறார், அவருக்கு அது நல்லதுதானே என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வியாழன் போனவர் அடுத்து செவ்வாய்தான் போவார். அதை நான் யோசிக்கவே இல்லை.

காவடி எடுத்தேன். இரண்டு இடத்தில் உட்கார்ந்தாலும் மேலே போய்ச் சேர்ந்தேன். எனக்காக ஒருவர் தரிசனத்தை விட்டுக்கொடுத்தாரே என்று ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் பொதட்டூர்பேட்டைக்குப் போய் ஒரு டப்பா பஞ்சாமிர்தம் கொடுத்தேன். வாழைப்பழமும் பேரீச்சையும் எங்களுக்கு விலக்கு, பொட்டாசியம் நிறைந்தவை. வீட்டில் பழக்கூடையைத் தொடாத நானும் அவரும் அன்று அதை நினைக்கவில்லை. பிரசாதத்தைப் பழம் என்று எங்கள் பக்கத்தில் யாரும் எண்ணுவதில்லை. முனுசாமி கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிட்டார்.

திங்கள் பகல் நான் இயந்திரத்தில் இருந்தேன். வேன் வந்து நின்றது. முனுசாமியைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். தறியிலிருந்து எழுந்தவருக்குக் கால் துவண்டு போனதாக அவர் மனைவி சரோஜா சொன்னாள். நாடி மிகவும் மெதுவாக இருந்தது. இசிஜி (இதயத்தின் மின்னோட்டத்தை வரையும் சோதனை) எடுத்ததும் மருத்துவர் ஊசி போட்டு, என் எதிரேயிருந்த இயந்திரத்தில் அவரை இணைத்தார்.

"யாரைக் கேட்டும்மா நாளை மாத்தினீங்க?" என்று மருத்துவர் சரோஜாவிடம் கேட்டார். "நாலு நாள் நடுவுல விட்டா இதயம் தாங்குமா? இவ்வளவு சொல்லியும் பழம் வேற சாப்பிட்டிருக்காரு."

சரோஜா என்னைப் பார்த்தாள். என் கையில் ஊசி இருந்தது, எழுந்திருக்க முடியாது. பேச முடியும். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

முனுசாமி பிழைத்தார். வியாழனன்று என் முறை முடிந்ததும் வார்டுக்குப் போய், மருத்துவரிடம் கேட்டதாகச் சொன்னது பொய் என்றேன்.

"ஆங்" என்றார். பிறகு, "பஞ்சாமிர்தம் நல்லாத்தான் இருந்துது சார்" என்றார்.

சரோஜா சிரிக்கவில்லை. "மூணு நாளா இவருதான் திட்டு வாங்கினு கீறாரு. அன்னிக்கு அத்த கேட்டுகினுதான சார் படுத்திருந்தீங்க?"

அங்கிருந்து நேராக மருத்துவரின் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு இதை நீங்களே சொல்லுங்கள் என்றார். அன்றிலிருந்து சொல்லிவருகிறேன். இப்போது எழுதுகிறேன்.

முனுசாமியால் அதன்பின் தறியில் உட்கார முடியவில்லை. இரண்டு வருடம் கழித்து இதயம் நின்று போனார். அந்த ஒரு இடைவெளிதான் காரணம் என்று சொல்ல முடியாது, வாரா வாரம் நீர் ஏறி இறங்கி அவருடைய இதயம் ஏற்கெனவே தடித்திருந்தது என்றார் மருத்துவர். ஆறுதலுக்காக அவர் பேசுகிறவரில்லை. அதனால் நம்புகிறேன். ஆனாலும் அது என்னை விடுவிக்கவில்லை.

இந்த வருடம் கிருத்திகை திங்கட்கிழமை வந்தது. காவடியைத் தம்பி மகனிடம் கொடுத்துவிட்டு ரயில் ஏறினேன். எதிர் ரயிலில் இருந்து மஞ்சள் உடுத்திய கூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது.

எனக்கு இப்போது கிழமைகள் இல்லை. இயந்திரத்திலிருந்து எத்தனை தூரம் வந்திருக்கிறேன், இன்னும் எத்தனை தூரம் போக வேண்டும் என்பது மட்டுமே இருக்கிறது. காலில் கட்டைவிரலை அழுத்திப் பார்த்தேன், பள்ளம் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமையைத் தாண்டி வந்த கால் அப்படித்தான் இருக்கும். பிறகு கையை மடக்கிக் காதில் வைத்துக்கொண்டேன். தறி ஓடிக்கொண்டிருந்தது.